தரங்கம்பாடி எழுத்தச்சும் சீகன்பால்கு ஐயரும்

எழுத்து ஒலிவடிவும் வரிவடிவும் என இருவகைப்படும். ஒலி, சுத்தமாயையின் காரியமாகிய நாதத்தினின்று தோன்றி, சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகை வாக்காய் விரிந்து உயிர்கட்கு அறிவை விளக்கும் என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. வரிவடிவோ அவ்வொலியை நினைவிற் கொணர்தற்பொருட்டு மக்கள் தம் கையாற் செய்துகொண்ட குறியாம். ஒலிவடிவின் இயல்பை ஆராய்வார் நம்மிடையே பலர். கையாற் செய்த அக்குறியின் வரலாற்றை ஆராய்வார் மிகச் சிலரே. கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் வாழ்ந்த தமிழெழுத்து ஈயத்தில் நிலையாகக் குடிபுகுந்த வரலாறு, காவிரி கடலொடு கலக்கும் சோழநாட்டுக் கரையில் நிகழ்ந்ததொன்று. அதற்கு நிமித்தமாய் நின்றவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் செருமானிய தேசத்துப் பாதிரியார்.

நம் சமயத்தை மறுத்தற்கென்றே கடல் கடந்து வந்த ஒருவருடைய சரித்திரத்தைச் சைவ சித்தாந்தப் பத்திரிகை எழுதப் புகுவது எற்றுக்கு என அன்பர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அவர் கொள்கை நமக்கு உடன்பாடன்று. அவர் அச்சிற் பதித்த முதற் சிறுநூல்கள் நம் வழிபாட்டை இகழ்ந்தன என்பதும் மறைத்தற்குரியதன்று. எனினும் இன்று நாம் கையில் விரித்துப் பார்க்கும் திருமுறைப் பதிப்பும் சாத்திரப் பதிப்பும் எவ்வழி நம்மை வந்தடைந்தன என்று பின்னோக்கிச் செல்வார், அவ்வழியில் தரங்கம்பாடியைக் கடவாமற் செல்லுதல் இயலாது. பகைவனிடத்துள்ள முயற்சியையும் அறிந்து பாராட்டுதல் அறிவுடையார் இயல்பாதலின், அவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவர் வருதற்கு முன் எழுத்து நம் நாட்டில் எந்நிலையில் இருந்தது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். தில்லையில் அடைத்துவைத்த தேவார ஏடுகளைச் செல்லரித்த செய்தி சைவர் எல்லாரும் அறிந்தது. எஞ்சியன கொண்டே நம்பியாண்டார் நம்பிகள் திருமுறை வகுத்தருளினார். அவ்விழப்பை அஞ்சிய முன்னோர் செம்பை நாடினர். 2023ஆம் ஆண்டு சீகாழிச் சட்டைநாதர் திருக்கோயில் வளாகத்தில் திருப்பணிக்காக நிலத்தை அகழ்ந்தபோது, பஞ்சலோகத் திருவுருவங்களுடன் தேவாரப் பதிகங்கள் பொறித்த செப்பேடுகள் நானூற்றுக்கு மேற்பட்டன வெளிப்பட்டமை நாம் கண்டதே. செம்பு செல்லுக்கு இரையாகாது. ஆயினும் ஓர் ஏட்டில் ஒரு முறை வெட்டிய எழுத்து அவ்வேட்டிலேயே நின்றுவிடும். மற்றொரு படி வேண்டுமாயின் முதலெழுத்து முதல் மீண்டும் வெட்டுதல் வேண்டும். ஓலைக்கும் அதுவே நியதி. ஒரு நூலைப் படியெடுப்பான் ஒருவனது கையுழைப்பு ஒரு படியோடு முடிந்துபோம். எழுத்தைத் தனித்தனியே செய்து, வேண்டியவாறு கோத்து, பதித்தபின் பிரித்து, மீண்டும் கோக்கும் வழி ஒன்றே இக்குறையை நீக்க வல்லது.

அவ்வழியும் நம் நாட்டிற்கு முற்றும் புதியதன்று. போர்த்துக்கேசிய குருமார் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்கச் சிறுநூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டனர். அதன்பின் கொச்சியிலும் புன்னைக்காயலிலும் சில நூல்கள் வெளிவந்தன. 1679இல் மலையாளக்கரையைச் சார்ந்த அம்பலக்காட்டில், அந்தம் தே புரோயென்சா என்பவர் தொகுத்த தமிழ் போர்த்துக்கேசிய அகராதி அச்சேறியது. அதற்கு வேண்டிய எழுத்துக்களை மரத்திற் செதுக்கியவர் இக்னேசியு ஆய்ச்சாமணி என்னும் இந்நாட்டுக் கிறித்தவர். மரத்தெழுத்து ஈரத்திற் பருக்கும், வெயிலில் வெடிக்கும், சில நூறு தாள்களைப் பதித்தவுடன் முனை மழுங்கும். அன்றியும் ஒவ்வோர் எழுத்தையும் எத்தனை முறை வேண்டுமோ அத்தனை முறை தனியே செதுக்குதல் வேண்டும். அம்முயற்சிகள் தொடரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு பிறக்கும்போது தமிழில் அச்சுத்தொழில் அற்றுப்போயிற்று என்றே கூறலாம்.

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு சாக்சனி நாட்டிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார், வலிவில்லாத உடம்பினர். ஹாலே நகரத்தில் பிராங்கே என்னும் ஆசிரியர் அநாதைச் சிறார்க்கு இல்லமும் கல்விச்சாலையும் அச்சுக்கூடமும் நிறுவிப் பெரும்பணி ஆற்றிவந்தார். அவரிடம் சீகன்பால்கு கல்வி பயின்றார். அக்காலத்து டேனிசு அரசராகிய நான்காம் பிரெடரிக், தம் குடியேற்றத்திற்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பினார். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்று டேனிசுக்காரர் கோட்டை கட்டிய தரங்கம்பாடியே அக்குடியேற்றம். சீகன்பால்கும் புளுட்சோ என்னும் துணைவரும் 1705ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கப்பலேறி, 1706 ஜூலை 9ஆம் நாள் அத்துறையை அடைந்தனர்.

அத்துறை எத்தகைய மண்ணில் உள்ளது என்பதை நம் நேயர்கள் நினைவுகூர்தல் நன்று. கோட்டைக்கு அணித்தே கடலோரத்தில் மாசிலாமணி நாதர் திருக்கோயில் உள்ளது. பாண்டியர் காலத்து அக்கோயிலின் ஒரு பகுதியை அலை கொண்டுபோயிற்று. சிறிது தொலைவில் திருக்கடவூர் வீரட்டம். திருக்களிற்றுப்படியார் அருளிய உய்யவந்த தேவநாயனார் அவ்வூரினர். சித்தாந்த சாத்திரம் பிறந்த ஊரின் பக்கத்தே, அதனை அறியாத ஓர் இருபத்துநான்கு வயதுப் பிறநாட்டார் வந்து இறங்கினார் என்க. அவரை வரவேற்றவர் எவருமிலர். கோட்டைத் தலைவராகிய ஹாசியுஸ் என்பவருக்கு வாணிகத்திற்கிடையே பாதிரிமார் புகுவது பிடிக்கவில்லை.

பேசும் மொழியறியாது போதித்தல் இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். முதிய உபாத்தியாயர் ஒருவரை வேண்டி, அவருடைய திண்ணைப்பள்ளியைத் தம் வீட்டிற்கு வருவித்து, சிறுவரொடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் முதலிய எழுத்துக்களை வரைந்து பழகினார். ஹாலே நகரத்திலே இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்ற ஒருவர் ஐந்து வயதுச் சிறாருடன் மணலிற் கைவைத்து எழுதியது சிறிய செய்தியன்று. செருக்கை விட்டாலன்றி அது கைகூடாது. போர்த்துக்கேசியம் முதலிய மொழிகளை அறிந்த அழகப்பர் என்னும் துபாஷி சொற்பொருள் விளக்கினார். எட்டுத் திங்களில் படிக்கவும் எழுதவும் பேசவும் வன்மை பெற்றார். பின்னர் நாள்தோறும் காலைமுதல் உச்சிவரை தமிழ்ப் புலவர் ஒருவரையும் எழுதுவார் ஒருவரையும் உடனிருத்தித் தமிழ் நூல்களைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

ஏடுகள் எங்ஙனம் கிடைத்தன? அவர் தம் ஆட்களை உள்நாட்டில் பல நாட்பயணம் போக்கி, இறந்த அந்தணர்தம் கைம்பெண்களிடமிருந்து ஏடுகளைச் சிறு விலைக்கு வாங்கினார். கணவன் போற்றிய ஏட்டுக்கட்டு மனைவிக்குச் சில பணமாயிற்று. மக்களும் மாணாக்கரும் அதனைக் கேட்டு வந்திலர். 1708இல் அவர் தம்மிடமுள்ள தமிழ் நூல்களுக்குக் குறிப்புரையுடன் ஓர் அட்டவணை எழுதினார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் இடம்பெற்றன. இலக்கணமும் நீதியும் புராணமும் தோத்திரமும் அவற்றுள் அடங்கும். அவற்றுட் சில, இன்று இன்னவென்று தெளிதற்கியலாதவாறு மறைந்தன. அவ்வாண்டிலேயே கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமானிய மொழியிற் பெயர்த்தார். தமிழர் அறநெறி அறியாதவர் என்று தம் நாட்டார் கருதியது பிழை என்பதை அவர்க்கு அறிவுறுத்துதலும் அதன் நோக்கமாகும்.

அவருடைய கல்வியால் நம்மவர் அடைந்த துன்பமும் உண்டு. அவருக்குக் கற்பித்த முதிய உபாத்தியாயருடைய மகனும் புலவருமாகிய கணபதி என்பார் 1709இல் கிறித்தவரானார். உறவினர் அழுதும் தடுத்தும் பயனின்றாயிற்று. மணலெழுத்துக் கற்பித்த முதியவருக்கு அக்கல்வி தந்த கைம்மாறு மகனைப் பிரிதலாயிற்று என்பதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் நைகின்றது. பாதிரியாருக்கும் இடையூறு நேராமலில்லை. ஹாசியுஸ் அவரை 1708 நவம்பர் முதல் நான்கு திங்கள் கோட்டையிற் சிறைவைத்தார். சிறைப்படுமுன் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் 1711 மார்ச்சுத் திங்களில் முடித்தார்.

மொழிபெயர்த்த நூல் ஓலையில் இருந்தது. எழுதுவார் பலரை அமர்த்திப் படியெடுப்பித்தும் பள்ளிச் சிறார்க்கு வேண்டிய படிகள் கிட்டவில்லை. ஆதலின் அச்சு வேண்டுமென ஐரோப்பாவிற்கு ஓயாது எழுதினார். இலண்டனில் 1698இல் தோன்றிய கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் ஓர் அச்சுப்பொறியும், உரோம எழுத்துக்களும், தாளும், யோனாஸ் பிங்க் என்னும் அச்சுத்தொழிலாளியும் அனுப்பினர். அக்கப்பல் 1711இல் பிரேசில் நாட்டு இரியோ துறையில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டது. பொறி ஒருவாறு தப்பியது. பிங்க் வழியிலேயே நோயுற்று மாண்டார். 1712இல் பொறி மட்டும் சென்னை வந்து தரங்கம்பாடி சேர்ந்தது. அச்சுத்தொழில் சிறிது அறிந்த டேனிசுக் கம்பெனிச் சிப்பாய் ஒருவரைக் கொண்டு போர்த்துக்கேசிய மொழியிற் சிறுநூல்கள் அச்சிடப்பட்டன. தமிழெழுத்து இன்னும் இல்லை.

தமிழெழுத்தைச் செய்தவர் ஹாலே நகரத்துத் தொழிலாளர். அத்தொழில் நடைபெறுமாற்றை ஈண்டு விளக்குவாம். முதலில் ஓர் எஃகுக் கோலைக் காய்ச்சி மெத்தென்றாக்கி, அதன் முனையைச் சமனாகத் தேய்ப்பர். அம்முனையில் எழுத்தை இடவலம் மாறி வரைவர். கல்தச்சன் கண் காணும் வடிவிலேயே எழுத்தை உட்குழியாக வெட்டுவான்; அச்செழுத்து வெட்டுவோனோ கண்ணாடியிற் காணும் வடிவில், எழுத்து மேலே புடைத்து நிற்குமாறு, சுற்றிலும் உள்ள எஃகைக் களைதல் வேண்டும். எழுத்தின் அகத்தேயுள்ள வெளியைச் சிற்றுளியாற் குடைந்து, புறத்தை அரத்தால் அராவி, இடையிடையே விளக்குச்சுடரிற் புகைபிடித்துத் தாளில் ஒற்றிப் பார்த்துத் திருத்துவர். ஒரு கோடு மயிரளவு மிக அராவப்படின் அக்கோல் பயனற்றதாம். வடிவு நிரம்பியபின் கோலைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து வன்மையாக்கி, செப்புத் துண்டில் வைத்துச் சுத்தியால் அடிப்பர். செம்பில் எழுத்தின் குழி விழும். அக்குழியை இரும்புக் கையச்சின் அடியிற் பொருத்தி, உருகிய ஈயக் கலவையை அகப்பையால் வார்த்து, ஒரு குலுக்குக் குலுக்கித் திறப்பின், தலையில் எழுத்துடன் ஒரு சிறு தூண் கிடைக்கும். ஒரு கோல் ஒரு செப்புக்குழியைத் தரும். ஒரு குழி ஆயிரக்கணக்கான எழுத்துக்களைத் தரும். மரத்தெழுத்திற்கும் வார்ப்பெழுத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாம்.

உரோம எழுத்து இருபத்தாறு. தமிழிலோ உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக எண்ணின் இருநூற்று நாற்பத்தேழு. கால், கொம்பு முதலியவற்றைத் தனியே வார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் எனினும், இகர ஈகார உகர ஊகாரங்கள் மெய்யோடு ஒட்டியே நிற்றலின், நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களைத் தனித்தனி வெட்டியே ஆதல் வேண்டும். அவற்றை வெட்டியவர்க்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது; தரங்கம்பாடியிலிருந்து வரைந்தனுப்பிய வடிவங்களே அவர்க்கு ஆசிரியராயின. பொருளறியாத சுழிகளையும் வளைவுகளையும் ஓவியம் போற் கண்டு எஃகில் இயற்றிய அத்தொழிலாளரின் கைத்திறம் வியக்கத்தக்கது. பிழை அஞ்சியோ, எஃகில் நுண்மை கூடாமையாலோ, எழுத்துக்கள் மிகப் பெரியனவாய் அமைந்தன. அவை 1713ஆம் ஆண்டு, யோகான் பெர்லின் என்னும் அச்சாளர், ஆட்லர் என்னும் எழுத்து வார்ப்பாளர், அவருடைய இளந்தம்பி ஆகிய மூவருடன் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன.

அவ்வாண்டிலேயே தமிழ் அச்சு தொடங்கியது. எழுத்துப் பெரிதாகலின் தாள் மிகுதியும் செலவாயிற்று. தாளோ கடல் கடந்து வரவேண்டியது. எனவே ஆட்லர் அருகிலுள்ள பொறையாற்றில் எழுத்து வார்க்கும் பட்டறை அமைத்துச் சிறிய எழுத்துக்களைத் தம் கையாலேயே வெட்டி வார்த்தார். ஈயம் போதாதபோது, சீமையிலிருந்து பாலடைக்கட்டி வைத்தனுப்பிய பெட்டிகளின் ஈய மூடிகளையும் உருக்கினர் என்பர். காகிதம் செய்யும் பட்டறையும் அங்கு நிறுவப்பட்டது. அது நெடுநாள் நிலைக்கவில்லை எனினும் கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதனை நினைவூட்டுகின்றது. சுற்றிலும் நெல்வயல்களும் வாய்க்கால்களும் சூழ்ந்த ஊரிலே, உலையில் ஈயம் உருகித் தமிழெழுத்தாய்ப் பிறந்தது. ஹாலேயில் பிறந்த எழுத்து விருந்தாளி; பொறையாற்றில் பிறந்த எழுத்து காவிரி நாட்டுக் குழந்தை என்னலாம்.

அவ்வெழுத்து முதலில் யாது பேசிற்று? 1713இல் வெளிவந்த முதற் சிறுநூல்களுள் ஒன்று, நம் வழிபாட்டை அஞ்ஞானமென்று இகழ்ந்து அதனை விடுமாறு கூறுவது. 1714இல் நான்கு சுவிசேடங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், ஐந்து வேதம் என்று பொருள்படும் பெயருடன் வெளிவந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. நம்மவர் இவற்றிற்கு என் செய்தனர்? வாய்ச்சொல்லால் நன்றாகவே விடையிறுத்தனர். 1712 முதல் 1714 வரை பாதிரிமார் விடுத்த வினாக்கட்குத் தமிழர் பலர் ஓலையில் விடையெழுதினர். கடவுள் ஒருவரே என்பது தமக்கும் உடன்பாடென்றும், பசுவைக் கொன்று தின்று கள்ளுண்டு திரியும் ஐரோப்பியரின் ஒழுக்கம் கண்டு அவர் சமயத்தை எங்ஙனம் மதிப்பதென்றும் அஞ்சாது உரைத்தனர். அவ்விடைகள் செருமானிய மொழியிற் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரத்தில் அச்சேறின. விடையளித்தவர் ஊரிலேயே அச்சுக்கூடம் இருந்தும், விடை தமிழில் அச்சேறவில்லை. வினாவியவரிடம் ஈயம் இருந்தது; விடையளித்தவரிடம் ஓலையே இருந்தது.

இனி அவர் வாழ்க்கையில் நாம் ஊன்றி நோக்கத்தக்க ஒரு நிகழ்ச்சியைக் கூறுவாம். 1713இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளி என்னும் பெருநூலை எழுதி முடித்தார். பரம்பொருள், சிவன், சத்தி, திருமால், கிராம தேவதைகள், கோயில், திருவிழா, விரதம் ஆகியவற்றைத் தமிழ் ஏடுகளிலிருந்தும் தமிழர் வாய்மொழியிலிருந்தும் திரட்டி வகைப்படுத்தியது அந்நூல். அதனை அச்சிடுமாறு ஹாலேக்கு அனுப்பினார். அவருடைய ஆசிரியராகிய பிராங்கே இசைந்திலர். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பெற்றவர் அதன் பொய்க்கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாது என்பது அவர் கருத்து. நூல் கையெழுத்தாகவே கிடந்து, நூற்றைம்பத்துநான்கு ஆண்டு கழிந்து, 1867இல் செருமன் பாதிரியாரால் சென்னையில் அச்சாயிற்று. எழுத்தைத் தருவித்தவருக்கே அவர் எழுதிய நூலை அச்சிற் காணும் பேறு வாய்த்திலது. கற்கக் கற்க அவர் தமிழரை மதித்தார். மதித்தது மிகையென்று அவருடையோரே கருதினர்.

1714இல் அவர், மலையப்பன் என்னும் தமிழ் இளைஞருடன் ஐரோப்பா சென்றார். டேனிசு அரசரையும், ஆங்கில அரசராகிய முதலாம் ஜார்ஜையும் கண்டார். மரியா தொரொத்தேயா என்னும் நங்கையை மணந்தார். இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716இல் ஹாலேயில் தமிழெழுத்துடன் அச்சிட்டு, அவ்வாண்டிலேயே திரும்பினார். 1718இல் அவர் கட்டிய புதிய எருசலேம் கோயில் தரங்கம்பாடியில் முடிந்தது. ஆனால் கோபன்ஹேகனில் சங்கச் செயலாளராகிய வெண்ட் என்பவர், கட்டடமும் பள்ளியும் அச்சும் ஆகிய செலவுகளைக் கடிந்து, பொருளின்றி நடந்து போதித்தலே முறையென்று வன்மையாக எழுதினார். முன்னரே நலிந்த உடம்பு அச்சொல்லைத் தாங்கவில்லை. 1719 பெப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், அவர் இறந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத்து வரையே அவர் மொழிபெயர்ப்புச் சென்றிருந்தது.

அவர் போயினார், எழுத்து நின்றது. எழுத்தின் பிற்கால வரலாறே அவர் சரித்திரத்திற்கு உரையாய் அமைந்தது. தரங்கம்பாடிப் பாதிரிமார்க்கும், கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த கத்தோலிக்க சமயத்து வீரமாமுனிவருக்கும் கடும்பகை. எனினும் வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அத் தரங்கம்பாடி அச்சிலேயே வெளிவந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் வேறுபடுத்தியவர் அம்முனிவரே. தரங்கம்பாடிச் சங்கத்தைச் சேர்ந்த சுவார்த்து பாதிரியாரிடம் பயின்ற தஞ்சைச் சரபோசி மன்னர் தம் அரண்மனையில் அச்சுக்கூடம் அமைத்து, 1806இல் ஈசாப்புக் கதைகளை மராத்தியில் வெளியிட்டார். 1812இல் தஞ்சைநகரத்து மலையப்பபிள்ளை குமாரர் ஞானப்பிரகாசர் சென்னையில் திருக்குறள் மூலபாடத்தையும் நாலடியாரையும் அச்சிற் பதித்தார். 1835இல் மெட்காபு என்னும் ஆங்கிலத் தலைவர் அச்சுக் கட்டுப்பாடுகளை நீக்கிய பின்னர், நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின.

அதன்பின் நிகழ்ந்ததைச் சைவ உலகம் நன்கறியும். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் தோன்றிய ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். அச்சு எத்துணை வலிய கருவி என்பதை அவர் அதைப் பிடித்தவர் கையருகே இருந்து கண்டவர். 1849இல் அச்சுப்பொறி வாங்கச் சென்னை நோக்கிப் புறப்பட்டவர் சோழநாட்டுத் திருவாவடுதுறையில் தங்கினார். ஆதீனத்தார் அவர் சொல்வன்மையை வியந்து நாவலர் என்னும் பட்டம் அளித்தனர். பொறியுடன் மீண்டு வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடமும் சைவ வினாவிடையும் பெரியபுராண வசனமும் அவ்வெழுத்திற் பிறந்தன. சைவத்தை இகழ எழுந்த கருவி சைவத்தைக் காக்கும் கருவியாயிற்று. நாவலர் அதனை வெறுத்தொதுக்காமல் தமதாக்கிக்கொண்டமையால் அன்றோ நம் பள்ளிச் சிறார் கையில் சைவ நூல் கிடைத்தது!

குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என நம் ஆசிரியர் கூறுவர். எழுத்தச்சிற்கும் அவ்வாறே. ஈயம் முதற்காரணம், எஃகுக் கோலும் செப்புக்குழியும் துணைக்காரணம், சீகன்பால்கும் ஆட்லரும் நிமித்தகாரணம். குயவன் தான் வனைந்த குடத்தில் எந்நீர் முகக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட இயலாது. கடைக்குச் சென்ற குடம் எடுத்தவர்க்கு உரியது. அங்ஙனமே எஃகில் ககரத்தை வெட்டியவன் அக்ககரம் எந்நூலிற் சேரவேண்டும் என்று விதிக்க வல்லவனல்லன். கோப்பவன் எவனோ அவனுக்கே எழுத்து உரித்து.

இவ்வுண்மையில் நமக்கு மகிழ்ச்சியும் உண்டு, நாணமும் உண்டு. பொறையாற்றில் தமிழெழுத்து வார்க்கப்பட்டதற்கும் வண்ணார்பண்ணையில் நாவலர் அச்சுக்கூடம் நிறுவியதற்கும் இடையே நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழிந்தன. திருக்கடவூருக்குப் பக்கத்தே எழுத்து இருந்தது. மடங்களில் ஏடுகள் இருந்தன. பொருள் படைத்த செல்வரும் இருந்தனர். நாவலருக்கு முன்னும் முயன்றார் சிலர் உண்டு. ஆயினும் இரண்டையும் கூட்டிவைக்கும் எண்ணம் பெரும்பாலோர்க்குப் பிறக்கவில்லை. அவ்விடைக்காலத்திற் செல்லுக்கும் நெருப்பிற்கும் பதினெட்டாம் பெருக்கு ஆற்றிற்கும் இரையான ஏடுகளுக்குக் கணக்குண்டோ? சீகன்பால்கு வாங்கிய ஏடுகளை அவருக்கு விற்ற கைம்பெண்களைக் குறைகூறுதல் தகாது. கேட்டு வராத மாணாக்கரையே குறைகூறுதல் வேண்டும்.

எஃகில் வெட்டி ஈயத்தில் வார்த்த எழுத்தைக் கையாற் கோக்கும் தொழில் இன்று அநேகமாய் மறைந்தது. கணினியில் எழுத்து உலையின்றிப் பிறக்கின்றது; தாளின்றியும் உலகைச் சுற்றுகின்றது. கருவி மாறினும் கடமை மாறவில்லை. தஞ்சைச் சரசுவதி மகாலிலும், ஆதீன நூல்நிலையங்களிலும், வீட்டுப் பரண்களிலும் ஓலைச்சுவடிகள் இன்னும் உள. புதிய கருவி எவர் செய்தது, எக்கருத்தாற் செய்தது என்று வினவிக் காலம் போக்குதல் நம் முன்னோர் ஒருமுறை செய்தது. அதனை இரண்டாம் முறை செய்யாதிருத்தலே சைவ நன்மக்கள் கடன் எனக் கருதுகின்றோம். தம் வீட்டில் ஓர் ஏட்டுக்கட்டேனும் உடையவர் அதனை இவ்வாண்டிலேயே அறிந்தாரிடம் காட்டிப் படியெடுப்பிப்பாராக.